சளி மேல்நோக்கி ஏற வேண்டிய அறை: என் கன்னத்துச் சைனஸ் அனுபவம்

இங்கே பலரும் "எனக்குச் சைனஸ் இருக்கிறது" என்று எழுதியிருப்பதைப் படித்தேன். ஏழு மாதங்கள் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சைனஸ் என்பது நோயின் பெயர் அன்று. மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். கன்னத்தில், நெற்றியில், இரு கண்களுக்கும் நடுவில், மூக்கின் பின்கோடியில் என அவை நான்கு இணைகளாக அமைந்துள்ளன. என்னைப் பாடாய்ப் படுத்தியது இடக் கன்னத்து அறை.

இடது மூக்கில் மட்டும் மஞ்சள் சளி வந்தது. குனிந்து கோலம் போட்டால் கன்னம் பாரமாகி, அழுகிய வாடை ஒன்று எனக்கு மட்டும் தெரியும். நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். இதமாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை. மாத்திரை சாப்பிடும் வரை குறைந்து, நிறுத்தியதும் திரும்பி வந்தது. இதற்கிடையே விசித்திரமான ஒன்றைக் கவனித்தேன். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அடைத்தே கிடக்கும் சளி, இரவில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்த சிறிது நேரத்தில் தானாக இறங்கி வந்துவிடும்.

காரணத்தைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் விளக்கினார். கன்னத்து அறையின் வாசல் அதன் அடியில் இல்லை. மூக்கை ஒட்டிய சுவரில், ஏறக்குறைய கூரைக்கு அருகில் இருக்கிறது. அதனால் நாம் நிமிர்ந்திருக்கும்போது அறைக்குள் ஊறும் சளி தானாக வெளியே வழிய முடியாது. உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கும் மேலாக அசைந்து, அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே போய் வாசலில் சேர்க்கின்றன. நான் வலப்பக்கம் படுத்தபோது இடக் கன்னத்தின் வாசல் கீழே வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெசர்கிளிங்கர் இந்தப் பாதையை நுணுக்கமாக ஆராய்ந்தார் என்றும், அறையின் அடியில் புதிதாகத் துளை போட்டாலும் சளி அதைத் தாண்டி இயற்கை வாசலையே தேடிப் போகும் என்றும், மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுச் செய்யும் இன்றைய எண்டோஸ்கோப் அறுவை சிகிச்சை இயற்கை வாசலை விரிப்பது அதனால்தான் என்றும் அவர் சொன்னார். இவ்வளவு சிறிய இடத்தில் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

பின்னர் சி.டி. ஸ்கேனைத் திரையில் காட்டினார். காற்று நிறைந்த வலக் கன்னம் கரியதாகவும், இடக் கன்னம் சாம்பல் நிறமாகவும் தெரிந்தன. அந்தச் சாம்பலின் அடியில் வெண்மையாக ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வேர் சிகிச்சை செய்துகொண்ட மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கும் இந்த அறையின் தரைக்கும் இடையே பலருக்கு மெல்லிய எலும்பு மட்டுமே இருக்குமாம். வேர் நுனியில் தேங்கிய சீழ்தான் மேலே கசிந்திருக்கிறது. அதை நொச்சி ஆவி என்ன செய்துவிட முடியும்?

இந்த அண்டை வீட்டு உறவு புதிதாகக் கண்டறியப்பட்டதும் அன்று. இங்கிலாந்து மருத்துவர் நதானியேல் ஹைமோர் 1651இல் இந்த அறையை விவரித்தபோது, பல் பிடுங்கிய குழியிலிருந்து ஓயாமல் நீர் வடிந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தப் பெண் குழிக்குள் இறகுத் தண்டை விட்டுப் பார்க்க, அது போய்க்கொண்டே இருந்ததால் மூளையைத் தொட்டுவிட்டதோ என்று அஞ்சினாராம். அந்த அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

பல்லை எடுத்த பின் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது என்றார்கள். சிந்தும் அழுத்தத்தில் குழி ஆறாமல் வாய்க்கும் அறைக்கும் வழி விழுந்துவிடலாம். அதைக் கடைப்பிடித்தேன். அடுத்த மாதமே வாடை போய்விட்டது. ஒரே பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி வருபவர்கள் பல் மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுமொழி:

தங்கள் பதிவில் வாசலைப் பற்றிப் படித்ததும் என் விமானப் பயணம் நினைவுக்கு வந்தது. சளியோடுதான் ஏறினேன். மேலே செல்லும்போது ஒன்றும் இல்லை. தரையிறங்கத் தொடங்கியதும் வலப் புருவத்துக்கு மேல் ஊசி இறங்கியது போன்ற வலி எழுந்தது. கைக்குட்டையில் இரத்தக் கசிவும் தெரிந்தது. விமானம் இறங்கும்போது வெளி அழுத்தம் கூடும் என்றும், நெற்றி அறையின் குறுகிய வடிகால் வீங்கி அடைத்திருந்ததால் காற்று உள்ளே நுழைய முடியாமல் உட்சவ்வு இழுபட்டு வலித்தது என்றும் மருத்துவர் கூறினார். என் இட நெற்றியில் அந்த அறை உருவாகவே இல்லை என்பதும் அப்போதுதான் ஸ்கேனில் தெரிந்தது. சிலருக்கு அப்படி அமைவது இயல்பே, குறை அன்று என்றார். சென்ற மாதம் சளி பிடித்திருந்தபோது பயணத்தை நான்கு நாள் தள்ளிப்போட்டேன். இறங்கும்போது வலிக்கவில்லை.