குன்னூர் வந்தும் பையனுக்கு வாந்தி நிற்கவில்லை

மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறும்போது பர்லியாறு தாண்டியதும் பையன் (6 வயது) வாந்தி எடுத்தான். மலை வளைவுதானே என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மூணு மணி நேரத்தில் இன்னும் நாலு தடவை. தண்ணீரை மடமடவெனக் குடிக்கிறான், அப்படியே வெளியே வருகிறது. என்ன செய்ய?

பதில் 1: முதலில் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கி வையுங்கள். பத்து நிமிடம் சும்மா விட்டு, அப்புறம் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைத் தூள் கரைத்த தண்ணீர்), ஒவ்வொரு ஸ்பூனாக. 1 லிட்டர் பாக்கெட் என்றால் முழுசாக 1 லிட்டர் தண்ணீரில். ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்து மகளைப் படுத்தியவள் நான்.

பதில் 2: வண்டியை விட்டு இறங்கி இத்தனை நேரம் ஆனபின் வளைவைக் குறை சொல்ல முடியாது. ஒண்ணுக்குப் போனானா? ஆறு மணி நேரமாகப் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, வாந்தி பச்சையாகவோ ரத்தமாகவோ வருகிறது என்றால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான்.

கேட்டவர்: இப்போதுதான் போனான், நல்ல மஞ்சள். ஸ்பூன் கணக்கில் ஒரு மணி நேரமாக நிற்கிறது. வறுக்கி பிஸ்கட் கேட்கிறான்!