147 கிரெய்ன் தோட்டாவுக்கு ஒத்துவரும் காம்பன்சேட்டர் பிஸ்டல் எது?

போட்டிக்கும் ரேஞ்ச் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே 9 மி.மீ. காம்பன்சேட்டர் (வாயுவை மேலே திருப்பி, சுடும்போது முனை எழும்புவதைக் குறைக்கும் அமைப்பு) பிஸ்டல் வாங்கவேண்டும். எதை எடுப்பது என்று சில மாதங்களாக முடிவுக்கு வர முடியவில்லை.

இப்போது இருப்பது 4.5 அங்குல பேரல் கொண்ட பாலிமர் பிரேம் பிஸ்டல். மரை போட்ட பேரலில் தனியாகத் திருகும் காம்பன்சேட்டரைப் பொருத்திப் பார்த்தேன். 115 கிரெய்னில் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) அருமையாக ஓடுகிறது. குறிபார்க்கும் ரெட் டாட் கருவியின் சிவப்புப் புள்ளி அதன் ஜன்னலை விட்டு எழும்புவதே இல்லை. 147 கிரெய்ன் போட்டால்தான் தொல்லை: ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாகப் பின்னால் போகாமல், சுட்ட தோட்டாவின் காலி கேஸ் வெளியேறும் வாயிலில் செங்குத்தாக நிற்கிறது. ஸ்லைடை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை ஒரு படி இலகுவாக மாற்றினேன். சிக்கல் குறைந்தது, ஆனால் டாட் முன்புபோல நிலையாக நிற்பதில்லை. காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைச் சுத்தம் செய்தேன், மேகசினையும் மாற்றினேன், பலனில்லை. வாயு குறைவான தோட்டா, முனையில் கூடுதல் எடை, இரண்டும் சேர்ந்துதான் இப்படி என்று நினைக்கிறேன்.

நான் சுடுவது மூடிய ரேஞ்சில். 115 கிரெய்னின் அதிர்வு பக்கத்தில் நிற்பவரைப் பாடாய்ப் படுத்துகிறது, அதனால் 147-ஐ விட மனமில்லை. போட்டிக்கு ஐபிஎஸ்சி (சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பு) ஓப்பன் பிரிவுதான். புரொடக்‌ஷன் பிரிவில் காம்பன்சேட்டருக்கு அனுமதி கிடையாது. மைனர் என்ற குறைந்த சக்தி வகைக்கு 125 பவர் ஃபேக்டர் (குண்டின் கிரெய்ன் எடையை நொடிக்கு அடி வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) போதும். 147 கிரெய்ன் நொடிக்கு 900 அடி வேகத்தில் போனாலே 132 வந்துவிடும்.

பட்டியலில் மிஞ்சியவை ஸ்டக்காட்டோ எக்ஸ்சி, சிக் பி320 ஸ்பெக்டர் காம்ப். இந்த இரண்டில், ஸ்பிரிங் மாற்றாமலே 147 கிரெய்னில் தடையின்றி ஓடுவது எது?