கனடாவில் கணக்கர் வேலைக்கு எம்பிஏ உதவுமா? முதலில் சிபிஏ-வா (கனடாவின் பட்டயக் கணக்காளர் தகுதி), எம்பிஏ-வா?

மிசிசாகா புதுவரவு:
பி.ஆரில் (நிரந்தர வசிப்புரிமை) புதிதாக வந்திருக்கிறேன். கோவையில் மூன்றாண்டு பி.காம், சிஏ இன்டர் இரண்டு குரூப், ஸ்பின்னிங் மில்லில் ஐந்தாண்டு அக்கவுண்ட்ஸ் அனுபவம். எம்பிஏ முடித்தால் நேரே மேனேஜர் வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணத்தை அதில் போடலாமா?

பேரேடு:
இப்போதைக்குப் போடாதீங்க. நான் சொல்வதை நம்பவும் வேண்டாம். வேலைத் தளத்தில் சீனியர் அக்கவுண்டன்ட், கன்ட்ரோலர் (கணக்குப் பிரிவுத் தலைவர்), ஃபைனான்ஸ் மேனேஜர் விளம்பரங்களில் இருபதைத் திறந்து தகுதி வரியை மட்டும் படிச்சுப் பாருங்க. சிபிஏ கட்டாயம், அல்லது சிபிஏ படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருக்கும். எம்பிஏ வந்தால் பெரும்பாலும் "இருந்தால் நல்லது" என்ற வரியில்தான் வரும்.

பணக்கணக்கு இது. டொரொண்டோ வட்டாரத்தில் பெயர்பெற்ற பள்ளியில் இரண்டாண்டு முழுநேர எம்பிஏ, பி.ஆர் உள்ளவர் கட்டும் உள்ளூர்க் கட்டணத்திலேயே லட்சம் டாலரை ஒட்டிப் போகும். வேலைக்குப் போயிருந்தால் ஆண்டுக்கு 55,000 வந்திருக்கும் என்று வைத்தால், இழக்கும் சம்பளம் 1,10,000. ஆக இரண்டு லட்சத்துக்கு மேல். சிபிஏ-வுக்கு இதில் சிறு பங்குதான் ஆகும், வேலையை விடவும் தேவையில்லை. பல முதலாளிகள் கட்டணத்தையும் கட்டிவிடுவார்கள்.

எம்பிஏ படித்தால் சிபிஏ பாடங்கள் கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கழியாது. சாதாரண எம்பிஏ-வில் நிதிக் கணக்கியல் ஒன்று, மேலாண்மைக் கணக்கியல் ஒன்று, கார்ப்பரேட் ஃபைனான்ஸ் ஒன்று, மீதியெல்லாம் மார்க்கெட்டிங், உத்தி, மனிதவளம். சிபிஏ நுழைவுக்குக் கேட்பது இன்டர்மீடியட் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் இரண்டு தாள், அட்வான்ஸ்டு ஒன்று, ஆடிட், கனடிய வரி, வணிகச் சட்டம் போன்றவை. வரியும் சட்டமும் இந்த ஊர்ப் பாடமாகவே இருக்கணும், நம்ம ஊர் இன்கம்டாக்ஸ் மதிப்பெண்ணைக் காட்டி அவற்றைத் தாண்ட முடியாது.

உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு சிக்கல். சிஏ இன்டர் என்பது அங்கத்துவம் ஆகாது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தோடு இங்கே உள்ள ஒப்பந்தம் ஃபைனல் முடித்து உறுப்பினரானவர்களுக்குத்தான். அடுத்தது கிரெடிட். சிபிஏ 120 கிரெடிட் மணி கேட்கிறது, நம்ம மூன்றாண்டு பி.காம் வழக்கமாக 90 என்றே மதிப்பாகும். குடியேற்றத்துக்காக எடுத்த கல்விச் சான்று மதிப்பீடு இதற்குப் போதாது, சிபிஏ ஒன்டாரியோவின் மதிப்பீடு தனி. மார்க் ஷீட்டுகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்து மூடி முத்திரையிட்ட உறையில் வரவழைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் அந்த வேலையை முதலில் ஆரம்பிச்சிடுங்க.

குறையும் 30 கிரெடிட்டை நிரப்பத்தான் ஒரு படிப்பு உங்களுக்கு உண்மையில் தேவைப்படும். அதற்கு எம்பிஏ எதுக்கு? விட்டுப்போன தாள்களையே பல்கலைக்கழகத் தொடர்கல்விப் பிரிவில் மாலை வகுப்பாக எடுத்தால் கிரெடிட்டும் ஏறும், பாடமும் கழியும். முதுகலைதான் வேண்டுமென்றால் மாஸ்டர் ஆஃப் அக்கவுண்டிங் பாருங்க. வாட்டர்லூ, யார்க் பல்கலையின் ஷூலிக், பிராக் எல்லாவற்றிலும் இருக்கிறது. கணக்கியல் படிக்காமல் வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கு டொரொண்டோ பல்கலையின் எம்எம்பிஏ. சிபிஏ-வை மனதில் வைத்தே கட்டிய படிப்புகள் இவை. எந்தப் பாடம் எதைக் கழிக்கும் என்பதைச் சேரும் முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்க. வாய்ப்பேச்சு வேண்டாம்.

நுழைந்த பிறகு கோர் 1, கோர் 2 என்ற அடிப்படைத் தாள்கள், விருப்பத்தாள் இரண்டு, கேப்ஸ்டோன் என்ற நிறைவுத் தாள் இரண்டு, கடைசியில் மூன்று நாள் சிஎஃப்இ தேர்வு. ஆடிட் உரிமம் வேண்டுமென்றால் அஷ்யூரன்ஸ் (தணிக்கை), டாக்ஸேஷன் (வரி) இரண்டையும் விருப்பத்தாளாக எடுத்தாகணும். திட்டமே புதிய வடிவுக்கு மாறிக்கொண்டிருக்கும் நேரம் இது, பாதியில் மாட்டாமல் இருக்க எந்த வடிவில் சேர்கிறீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்க.

எல்லோரும் சறுக்கும் இடம் அனுபவம். 30 மாதம் தேவை, முந்தைய அனுபவத்தில் அதிகபட்சம் 12 மாதம்தான் கணக்கில் வரலாம். அதுவும் வேலையின் தரத்தைப் பொறுத்தது. பில்லை உள்ளிடும் ஏபி கிளார்க் வேலையை இரண்டு வருஷம் செய்துவிட்டு 24 மாதம் ஆச்சு என்று போனால் ஒரு மாதம்கூடத் தேறாமல் போகலாம். மாத முடிவு, வங்கிச் சரிபார்ப்பு, நிதி அறிக்கை, எச்எஸ்டி (விற்பனை வரி) தாக்கல் கைக்கு வரும் ஸ்டாஃப் அக்கவுண்டன்ட் வேலையாகப் பார்த்துப் பிடிங்க. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஸ்கார்பரோ அண்ணை:
பேரேடு சொன்னது சரி. முதல் வேலை எப்பிடி எடுக்கிறது எண்டதையும் சேர்க்கிறன்.

தங்கச்சி, டாலி கணக்கு மென்பொருள் இங்க சின்ன நிறுவனங்களில ஆருக்கும் தெரியாது. குவிக்புக்ஸ் ஆன்லைன், சேஜ் 50, ஆடிட் ஒஃபீஸ் எண்டால் கேஸ்வேர், வரிக்கு டாக்ஸ்சைக்கிள் அல்லது புரோஃபைல். குவிக்புக்ஸுக்கு இலவசச் சான்றிதழ் இருக்கு, அதை முதல்ல எடுங்கோ. நேர்முகத்தில கேக்கிற நாளுகள்: சம்பளப் பிடித்தம் வழமையா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்ள கட்டவேணும், டி4 (ஊழியர் சம்பளச் சீட்டு) பெப்ரவரி கடைசி, தனிநபர் வரிப்படிவம் டி1 ஏப்ரல் 30, சுயதொழில் செய்யிற ஆக்களுக்கு ஜூன் 15 (ஆனா கட்டவேண்டிய வரி அவைக்கும் ஏப்ரல் 30தான்), கம்பனி வரிப்படிவம் டி2 நிதியாண்டு முடிஞ்சு ஆறு மாதம். ஒன்டாரியோவில எச்எஸ்டி 13 வீதம். தனியார் கம்பனிகள் பெரும்பாலும் ஐஎஃப்ஆர்எஸ் (சர்வதேசக் கணக்கியல் தரம்) பாவிக்கிறேல்ல, ஏஎஸ்பிஈதான் (தனியார் கம்பனிகளுக்கான கனடியத் தரம்). ஐஎஃப்ஆர்எஸ்ஸை மட்டும் பாடமாக்கிக்கொண்டு போனா அங்க முழிக்கவேண்டி வரும்.

ஜனவரியிலயிருந்து ஏப்ரல் வரை வரி சீசன், சின்ன ஒஃபீஸுகள் அப்பதான் ஆள் எடுக்கும். அதுக்கு முன்னம் வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இலவசமா வரி செய்துகுடுக்கிற அரசாங்கத் தொண்டர் திட்டத்தில சேருங்கோ. டி1 செய்த கை எண்டு ரெஸ்யூமேல ஒரு வரி விழும். 2026 ஜனவரியிலயிருந்து, 25 பேர் அல்லது அதுக்கு மேல வேலைசெய்யிற ஒன்டாரியோ நிறுவனங்கள் பொது விளம்பரத்தில கனடிய அனுபவம் கட்டாயம் எண்டு போடேலாது. விளம்பரத்தில போடாட்டியும் மனசில வைச்சிருப்பினம், அதால அந்த ஒரு வரி வேணும்.

மிசிசாகா புதுவரவு:
ரொம்ப நன்றி. தம்பி சென்னையில் இருக்கிறான், வயது 29, பி.காம், மூன்றாண்டு வேலை. படிப்பு விசாவில் எம்பிஏ போட்டு வரலாம் என்கிறான். அவனுக்கும் இதே பதில்தானா?

புள்ளிக்கணக்கு:
அவருக்குக் கணக்கு வேறு, ஏனென்றால் அங்கே பட்டத்தோடு விசாவையும் வாங்குகிறார். எட்டு மாதத்துக்குக் குறையாத மாஸ்டர்ஸ் முடித்தால், படிப்பு இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தாலும், மூன்றாண்டு வேலை அனுமதி கிடைக்கும். இது 2024 பிப்ரவரியிலிருந்து. மணமானவர் என்றால் 2025 ஜனவரி முதல் துணைவருக்கு வேலை அனுமதி கிடைக்க மாஸ்டர்ஸ் 16 மாதமாவது இருக்கணும். பன்னிரண்டு மாத எம்பிஏ-வில் சேர்ந்துவிட்டு இதைக் கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் நிறைய. தனியார் கல்லூரி என்றால் வேலை அனுமதிக்குத் தகுதி உண்டா என்று அரசுப் பட்டியலில் பாருங்க, ஏஜென்ட் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீங்க.

ஆனால் முதலில் ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணைப் பார்க்கச் சொல்லுங்க. எல்லாம் தனிநபர் விண்ணப்பத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளி அடிப்படையில் பி.ஆர் தரும் முறை) கணக்கு. கேட்டல் 7.5, மற்ற மூன்றும் 6.5 என்றால் சிஎல்பி (கனடிய மொழித்திறன் அளவு) 8. ஒவ்வொன்றிலும் அரை மதிப்பெண் ஏற்றி 8, 7, 7, 7 ஆக்கினால் சிஎல்பி 9. மொழிக்கு நான்கு திறனிலும் எட்டெட்டாக 32, மூன்றாண்டு வெளிநாட்டு அனுபவத்தோடு சேர்த்து 25, பட்டத்தோடு சேர்த்து 12, மொத்தம் 69 புள்ளி கூடுகிறது. கனடிய மாஸ்டர்ஸ் தருவது என்ன? படிப்புக்கு 15, கனடாவில் படித்ததற்கு 30, சிஎல்பி 9 இருந்தால் இன்னொரு 25. மொத்தம் 70. தேர்வுக் கட்டணம் ஒரு பக்கம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் மறுபக்கம், வித்தியாசம் ஒரு புள்ளி! அதோடு 29 வயது தாண்டினால் வயதுப் புள்ளி வருஷத்துக்கு ஐந்தாறு குறையும், 31-இல் முடித்தால் 11 போயிருக்கும். மொழியை ஏற்றியும் புள்ளி எட்டாவிட்டால் மட்டும் படிப்பு விசா.

வந்தபின் அரசின் வேலைக் குறியீடு முக்கியம். முழுநேரம் படிக்கும்போது செய்த வேலை கனடிய அனுபவ வகுப்பில் (கனடிய வேலை அனுபவத்தை வைத்து பி.ஆர் தரும் பிரிவு) சேராது. அக்கவுண்டிங் கிளார்க் 14200 டியர் 4 (கீழ்நிலைத் திறன் பிரிவு), அது எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஆகாது. புக்கீப்பர் 12200, பேரோல் 13102, அக்கவுண்டன்ட் 11100 ஆகியவை செல்லும். பதவிப் பெயரைவிட நியமனக் கடிதத்தில் எழுதிய வேலை விவரம்தான் பார்க்கப்படும்.

பேரேடு:
எம்பிஏ-வை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. சிபிஏ முடித்து ஐந்தாறு வருஷம் கன்ட்ரோலர் வேலை பார்த்தபின் கன்சல்டிங், கார்ப்பரேட் டெவலப்மென்ட், சிஎஃப்ஓ (நிதித் தலைமை அதிகாரி) பக்கம் போக நினைத்தால் அப்போது அதற்கு மதிப்பு உண்டு. நேரில் வந்து ஆள் எடுக்கும் வங்கிகளும் பள்ளியின் பழைய மாணவர் தொடர்பும்தான் அந்தக் கட்டணத்தில் பெரும்பகுதி. பகுதிநேரமாக, கம்பனி பணத்தில் செய்ங்க. அதபாஸ்கா பல்கலை ஆன்லைன் எம்பிஏ-வில் சிபிஏ முடித்தவர்களுக்குச் சில பாடங்களைக் கழித்துத் தருகிறார்கள். கம்பனி கட்டணம் கட்டினால், முடித்தபின் எத்தனை வருஷம் இருந்தாகணும், முன்னாடியே விலகினால் எவ்வளவு திருப்பணும் என்ற ஷரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.