பிஸ்பைரிபாக் களைக்கொல்லி அடித்தும் குதிரைவாலிப் புல் சாகவில்லை, பெனாக்சுலம் அடிக்கலாமா?

வரப்போரம்:
புழுதியில் நேரடி நெல் விதைப்பு. சில வருடமாகக் களைக்கு பிஸ்பைரிபாக் சோடியம்தான். நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் போகம் கோரை கருகிவிட்டது, குதிரைவாலிப் புல் மட்டும் லேசாக மஞ்சளாகி, மறுபடி குருத்து விட்டு நெல்லை விட உயரமாக நிற்கிறது. பெனாக்சுலம் வேறு மருந்து, அதை அடி என்கிறார்கள். அடிக்கவா, இல்லை பழையதையே இரண்டு மடங்காக அடிக்கவா?

சேற்றுக்கால்:
முதலில் அடித்த விதம் சரியா என்று பாருங்கள். புல் நாலு இலையைத் தாண்டியிருந்ததா? தண்ணீருக்குள் மூழ்கியிருந்ததா? தப்பிய புல் பட்டை பட்டையாக இருந்தால் நாசில் கோளாறு, மருந்தைக் குறை சொல்ல வேண்டாம்.

வரப்போரம்:
மூன்று இலையில், தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடித்தேன். பட்டையாக இல்லை. செத்த குதிரைவாலிக்குப் பக்கத்திலேயே ஒன்று பச்சையாக நிற்கிறது.

களைக்கொத்து:
ஒரே இனத்தில் ஒன்று செத்து, பக்கத்தில் ஒன்று பிழைத்து, அதுவும் திட்டுத் திட்டாக வருடாவருடம் பரவினால் புல்லுக்கு எதிர்ப்புத் திறன், அதாவது மருந்துக்கே சாகாத தன்மை, வந்துவிட்டது என்று சந்தேகப்பட வேண்டியதுதான்.

பெனாக்சுலம் பெயரில்தான் வேறு. அதுவும் பிஸ்பைரிபாக்கும் பைரசோசல்பியூரான் என்ற இன்னொரு களைக்கொல்லியும் புல்லுக்குள் போய் அடைப்பது ஏஎல்எஸ் என்ற அதே நொதியைத்தான். மூன்றும் குழு 2 (களையைக் கொல்லும் விதத்தை வைத்துக் களைக்கொல்லிகளைப் பிரித்த எண்). பாட்டிலை மாற்றிவிட்டுக் குழுவை மாற்றாமல் இருந்தால் பயனில்லை. இரண்டு மடங்கு அடித்தால் நெல்தான் வாடும், தப்பிக்கிற புல் இன்னும் முரட்டுப் புல்லாக இருக்கும்.

சைஹாலோபாப் பியூட்டைல் குழு 1. ஆனால் இளம் புல்லுக்குத்தான் அது கேட்கும், உங்கள் வயலில் அந்தக் கட்டம் போய்விட்டது. இப்போது கைதான். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், நெல் அறுக்கும் முன்பே பாதி கொட்டிவிடும். கதிர் தலைகாட்டும் முன் பிடுங்கி வயலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஆட்களுக்கு அடையாளம் சொல்ல: இலையும் தண்டும் சேரும் இடத்தை விரலால் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக மெல்லிய சவ்வு நாக்கு இருக்கும், குதிரைவாலியில் மொட்டையாக இருக்கும்.

அடுத்த போகம் விதைக்கும் முன் ஒரு தண்ணீர் விட்டு, முளைக்கிறதை முளைக்கவிட்டு மேலோட்டமாக உழுது அழியுங்கள். ஆழ உழுதால் கீழே கிடக்கிற விதை மேலே வந்துவிடும். விதைத்து ஈரம் இருக்கும்போதே பென்டிமெத்தலின், அது குழு 3. மிஞ்சியதற்கு சைஹாலோபாப்.

வரப்போரம்:
நன்றி அண்ணே. நெல்லுக்குப் பின் உளுந்து போடுகிறேன், பயிர் மாறுகிறதே, அது போதாதா?

களைக்கொத்து:
உளுந்தில் என்ன அடிக்கிறீர்கள்? இமாசிதாபைர் என்றால் அதுவும் குழு 2தான், பயிர் மாறியும் மருந்து மாறவில்லை. புல்லுக்குக் குயிசாலோபாப் அடிக்கலாம், ஆனால் அது குழு 1, நெல்லில் சைஹாலோபாப் அடித்த அதே வயலில் அடுத்தடுத்து வேண்டாம். உளுந்தில் முடிந்தவரை கொத்து போடுங்கள், வரிசையாக விதைத்தால் கொத்துவது லேசு.

சேற்றுக்கால்:
அறுவடை மெஷினையும் கழுவிவிட்டு இறக்குங்கள். பாதி விதை அதில்தான் வருகிறது.

களைக்கொத்து:
பாதியா என்று தெரியாது, ஆனால் கழுவ வேண்டியதுதான். முக்கியமாகக் குதிரைவாலி இருக்கிற திட்டைக் கடைசியில் அறுக்கச் சொல்லுங்கள்.