கோடையில் வயல் புறா சுடுவது: பயிர்க் காவலா, பொழுதுபோக்கா?

வேலியோரம் (லிங்கன்ஷயர்)

வேறொரு இழையில் புறா வேட்டை பற்றிப் பேச்சு வந்ததும், "வெள்ளைக்காரனோடு சேர்ந்து நம்மாட்களும் கெட்டுப்போனார்கள்" என்று ஒருவர் எழுதினார். அந்த நம்மாட்களில் நானும் ஒருவன். அதனால் தனி இழையாகவே போடுகிறேன், திட்டுகிறவர்கள் இங்கே வந்து திட்டலாம்.

இங்கே வயலில் இறங்குவது வுட் பிஜன். நம் கோயில் கோபுரத்துப் புறாவைவிட நல்ல பெரிது, அரைக் கிலோ இருக்கும், கழுத்தில் வெள்ளைப் பட்டை. பிரிட்டனில் சுமார் ஐம்பது லட்சம் ஜோடி இருக்கிறது. குளிர்காலத்தில் கனோலா (கடுகு இன எண்ணெய்ப் பயிர்) இலை, கோடையில் பட்டாணி, சாய்ந்த கோதுமை, அறுப்பு முடிந்த தாள் வயல் என்று ஆண்டு முழுக்க அதற்கு நாம்தான் சோறு போடுகிறோம்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒரு பறவைகூடக் கிடைக்காது. முந்தைய நாளே வயலோரம் நின்று, எந்த மர வரிசையைப் பிடித்து வருகின்றன, எந்த மூலையில் இறங்குகின்றன என்று பார்ப்பதில்தான் பாதி வேலை. நிமிர்ந்து நிற்கும் கோதுமையில் புறாவால் உட்கார முடியாது. ஜூலை மழையில் பயிர் சாய்ந்த திட்டுதான் அதற்குப் பந்தி. அதற்கு எதிரே வேலியை ஒட்டி வலையைக் கட்டி மறைவு போடுவோம். இருபது இருபத்தைந்து கெஜத்தில் போலிப் புறாக்களைக் குதிரை லாடம் போல வைப்போம், நடுவில் இடம் விட்டு. எல்லாம் காற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஏனென்றால் பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். பாட்டரியில் சுற்றும் இரண்டு கை எந்திரம் ஒன்று உண்டு, மேக்னட் என்பார்கள். அதில் செத்த புறாவை மாட்டிச் சுற்றவிட்டால் தூரத்தில் போகிறதும் திரும்பும். காற்று அடங்கிவிட்டால் எந்திரமே பயமுறுத்தும், நிறுத்திவிட வேண்டும். நாற்பது கெஜத்துக்கு அப்பால் நான் சுடுவதில்லை, அடிபட்டுப் பறந்துபோய்ச் சாகும்.

விவசாயி கூப்பிட்டால் போகிறேன். காசு வாங்குவதில்லை, கொடுப்பதுமில்லை. இதில் என்ன தப்பு?

மாடப்புறா (கேம்பிரிட்ஜ்)

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள், சிக்கலே அதுதான். காற்று, லாடம், எந்திரம், கெஜம் எல்லாம் வந்துவிட்டது. பயிர் எவ்வளவு போனது என்று ஒரு வரி இல்லை. மீன் பிடிக்கப் போனவர் எழுதுவது போல எழுதிவிட்டு, கீழே பயிர்ப் பாதுகாப்பு என்று முத்திரை குத்துகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் இந்தப் பறவை அதிகமாகக் குஞ்சு பொரிக்கும் காலம். இரண்டு முட்டை, பதினேழு நாள் அடை, அப்புறம் சுமார் ஒரு மாதம் குஞ்சு கூட்டிலேயே இருக்கும். முதல் சில நாட்களுக்குத் தாயும் தகப்பனும் தீனிப்பையில் ஊறும் பாலைத்தான் ஊட்டும், வேறு தீனி கிடையாது. உங்கள் பந்தியில் விழுகிற பறவைக்குப் பின்னால் ஒரு கூடு இருக்கிறதா என்று மறைவுக்குள்ளிருந்து உங்களுக்குத் தெரியுமா?

சும்மா_வந்தவன்

பந்தியில் உட்கார்ந்தவனைச் சுடுவது நம் வழக்கம் இல்லையே அண்ணே. 😄

சட்டப்புள்ளி

சண்டைக்கு முன்னால் சட்டம் என்ன என்று பார்த்துவிடலாம், ரொம்பப் பேர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இந்த நாட்டில் எல்லாக் காட்டுப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு. புறாவைச் சுடுவது அதற்கு ஒரு விலக்கு. இங்கிலாந்தில் இப்போது அந்த விலக்கின் பெயர் ஜிஎல்42, பொது உரிமம். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் பயிருக்குக் கடுமையான சேதத்தைத் தடுக்க மட்டும்தான். பொழுதுபோக்குக்கோ இறைச்சிக்கோ அதில் இடமில்லை. சுடாமல் விரட்டும் வழிகளையும் முயன்றிருக்க வேண்டும், இல்லையென்றால் அவை ஏன் உதவாது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

2019இல் என்ன நடந்தது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கிறிஸ் பேக்கம், மார்க் ஏவரி, ரூத் டிங்கே மூவரும் தொடங்கிய வைல்ட் ஜஸ்டிஸ் என்ற வனவிலங்கு அமைப்பு வழக்குக்குக் கிளம்பியது. அந்த ஏப்ரலில், உரிமம் கொடுக்கும் அரசு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து தன் மூன்று பொது உரிமங்களையும் இரண்டு நாள் அறிவிப்பில் ரத்து செய்தது. வசந்தகாலப் பயிர் முளைக்கும் நேரம், விவசாயிகள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் கோவ் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்து, ஜூனில் புது உரிமம் கொடுத்தார். புறாவைச் சுடவே கூடாது என்பது அந்த வழக்கின் வாதம் அல்ல. வேறு வழி இல்லை என்று உறுதி செய்யாமலே உரிமம் கொடுத்தீர்களே என்பதுதான் கேள்வி.

களத்துமேடு

நான் சுடுவதில்லை. பண்ணைகளுக்குப் பயிர் ஆலோசனை சொல்வது என் தொழில், ஊரில் எங்கள் வீடும் விவசாய வீடுதான். மாடப்புறா அவர்கள் கேட்ட சேதக் கணக்கை நான் சொல்கிறேன்.

ஃப்ரீசர் பட்டாணியை எடுத்துக்கொள்ளுங்கள். புறா தின்றது எத்தனை கிலோ என்பதோடு அது முடிவதில்லை. முளையில் மேய்ந்த திட்டு பிழைத்து வரும், ஆனால் மற்றதைவிடப் பிந்தும். இந்தப் பட்டாணியை அதன் மென்மையை அளந்து பார்த்து, பக்குவமான அந்த ஓரிரு நாளுக்குள் அறுக்க வேண்டும். வயலின் ஒரு பகுதி முற்றி, இன்னொரு பகுதி பிஞ்சாக நின்றால் ஆலை எடுக்காது. அப்புறம் காய் பிடித்ததும் திரும்பவும் வந்து காயைப் பிரித்துத் தின்னும்.

கேஸ் வெடி வைக்கிறார்கள், காற்றாடி விடுகிறார்கள், சோளக்கொல்லைப் பொம்மை நிறுத்துகிறார்கள். சில நாளில் புறாவுக்குப் பழகிவிடும். பக்கத்து ஊர்க்காரருக்குப் பழகாது, கவுன்சிலுக்குப் புகார் போகும்.

மாடப்புறா

பட்டாணிச் சேதத்தை நான் மறுக்கவில்லை. பிரியாணி அண்டா மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டாதீர்கள் என்கிறேன். பட்டாணி வேறு, அறுத்த தாள் வேறு. ஆகஸ்டில் புறா சுடுகிறவர்கள் போடும் படங்களில் பாதி தாள் வயலில் எடுத்தவை. அறுவடை முடிந்து சிதறிக் கிடக்கும் மணியைப் புறா பொறுக்கினால் யாருக்கு என்ன கடுமையான சேதம்? ஒரு நாளைக்கு இத்தனை பவுண்டு என்று வாங்கிக்கொண்டு வெளியூர்க்காரரை வயலில் உட்கார வைக்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் பயிரைக் காக்கவா நூறு மைல் காரோட்டி வருகிறார்?

விரட்டுவதுதான் நோக்கம் என்றால் குறிஞ்சி நிலத்துப் பெண்கள் பரண் மேல் நின்று, தட்டை என்ற மூங்கில் ஒலிக்கருவியும் கவணும் வைத்துக்கொண்டு கிளி ஓட்டியிருக்கிறார்கள். தினையும் பிழைத்தது, கிளியும் பிழைத்தது.

களத்துமேடு

ஓட்டினார்கள், சரி. அங்கே ஒரு புனத்துக்கு ஒருத்தி நாள் முழுக்க நின்றாள். இங்கே ஆயிரம் ஏக்கர் பண்ணையை இரண்டு மூன்று பேர் பார்க்கிறார்கள், அறுவடை நேரத்தில் அவர்களும் எந்திரத்தை விட்டு இறங்க மாட்டார்கள். பரண் மேல் நிற்க ஆள் வைத்தால் சம்பளம் யார் கொடுப்பது? வேலியோரம் மாதிரி ஒருவர் சும்மா வந்து நாள் முழுக்க உட்காருகிறார். பண்ணைக்காரர் பார்ப்பது அதைத்தான்.

சும்மா_வந்தவன்

ஒரு சந்தேகம். காவல்காரன் என்றால் பறவை கண்ணில் படும்படி நிற்க வேண்டும். இவர் வலைக்குள் ஒளிந்துகொண்டு, போலி வைத்து, எந்திரம் சுற்றி, எங்கோ போகிறதைக் கூப்பிடுகிறார். காக்க வேண்டிய பயிரில் விருந்தாளியைக் கூட்டுவது எந்த ஊர்க் காவல்?

வேலியோரம்

இது நல்ல கேள்வி. எழுந்து நின்று கையைத் தட்டினால் கூட்டம் பக்கத்து வயலுக்குப் போகும், நான் காரை எடுத்ததும் திரும்பி வரும். பழகிய பாதையில் வந்து இறங்குகிற கூட்டத்தில் நாள் முழுக்கப் பறவை விழுந்தால் அந்தப் பாதை உடைகிறது. அடுத்த பல நாளைக்கு அந்த மூலைப் பக்கம் அவ்வளவாக வராது. கேஸ் வெடியையும் அப்புறம் கொஞ்சம் மதிக்கும், வெறும் சத்தம் இல்லை என்று தெரிந்துவிடுகிறதே. போலி வைப்பதும், ஏற்கெனவே அந்த வயலில் தின்கிற கூட்டத்தைச் சுடும் தூரத்துக்குக் கொண்டுவரத்தான்.

தாள் வயலைப் பற்றி: பக்கத்தில் இன்னும் அறுக்காத கோதுமை சாய்ந்து கிடந்தால் உட்காருவேன். அதுவும் இல்லையென்றால் அது வெறும் வேட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். வழிகாட்டி வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

எனக்கு அந்த நாள் பிடிக்கிறது என்பதும் உண்மைதான். பிடித்துச் செய்தால் அது காவல் இல்லை என்று ஆகிவிடுமா?

சட்டப்புள்ளி

பிடித்துச் செய்யலாம். பிடித்தது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. நீங்கள் சுடும் காரணத்தை அதிகாரி வந்து கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

மாடப்புறா

"ஐம்பது லட்சம் ஜோடி" என்று தொடங்கினீர்கள், அதற்கு வருகிறேன். சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்று இந்த நாட்டு அரசே ஒரு காலத்தில் நம்பியது, தோட்டா விலையில் மானியம் கொடுத்தது. மர்ட்டன் என்ற ஆய்வாளர் 1950களிலும் 60களிலும் எங்கள் கேம்பிரிட்ஜ்ஷயரிலேயே வயல்களில் புறாக்களை எண்ணிப் பார்த்தார். குளிர்காலத்துக் குளோவர் (தீவனச் செடி) இலை எத்தனை பறவைக்குப் போதுமோ அத்தனைதான் வசந்தத்துக்கு மிஞ்சின. குளிர்காலத்தில் சுட்டாலும் சுடாவிட்டாலும் கணக்கு ஒன்றுதான், எப்படியும் பட்டினியில் சாக இருந்தவையே துப்பாக்கியில் செத்தன. மானியம் நின்றுபோனது.

களத்துமேடு

மர்ட்டன் சொன்னது சரி. ஆனால் அவர் எண்ணியது கனோலா வருவதற்கு முன். 1970களுக்குப் பிறகு குளிர்காலம் முழுக்கப் பச்சை இலை வயல் வயலாக நிற்கிறது, பட்டினிச் சாவு குறைந்தது, பறவை பெருகியது. ஆகவே இந்தப் பறவையைப் பெருக்கியது விவசாயம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. எண்ணிக்கையைக் குறைக்கச் சுடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இந்த வாரம், இந்த வயல், இந்தப் பயிர் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

மாடப்புறா

அப்படிச் சொன்னால் எனக்கும் சண்டை பாதியாகக் குறைகிறது. பட்டாணிக்குக் கையெழுத்துப் போடுகிறேன். தாள் வயலுக்கு மாட்டேன். கூட்டில் குஞ்சு இருக்கிற ஆகஸ்டில், சிந்தின மணிக்காக, கண்டிப்பாக மாட்டேன்.

சும்மா_வந்தவன்

செத்தது என்ன ஆகிறது? யாருமே சொல்லவில்லையே.

வேலியோரம்

நெஞ்சுக்கறியை எடுத்து மிளகு வறுவல். காடை சாப்பிடுகிறவருக்குப் பிடிக்கும், கொஞ்சம் ஈரல் வாடை அடிக்கும், அதிகம் வேகவிட்டால் ரப்பர். மிச்சம் இறைச்சி வியாபாரிக்குப் போகும், கிடைக்கிற காசு தோட்டாவுக்கே காணாது.

சட்டப்புள்ளி

என்ன ரவை?

வேலியோரம்

இதுவரை ஈயம். 2025 ஜூலையில் அரசு ஈய ரவைக்குத் தடை என்று அறிவித்து மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. ஸ்டீலுக்கு மாறத்தான் வேண்டும். என் பழைய துப்பாக்கிக்கு எந்த ஸ்டீல் தோட்டா ஒத்துவரும் என்று துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்க வேண்டும்.

மாடப்புறா

அதுவரை ஈயம் கலந்த மிளகு வறுவலா? வீட்டில் குழந்தைகள் இருந்தால் கொடுக்காதீர்கள் அண்ணா, சீரியஸாகச் சொல்கிறேன். பறவைக்கு மட்டும் விஷம் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டாக் டவ் என்ற வேறொரு புறா. கிட்டத்தட்ட அதே சாம்பல் நிறம், கொஞ்சம் சின்னது, கழுத்திலும் சிறகிலும் வெள்ளை கிடையாது. அது உங்கள் உரிமத்தில் இல்லை. தாள் வயலில் இரண்டும் கலந்து இறங்கும். வெயிலுக்கு எதிரே, வேகமாக வரும்போது வித்தியாசம் தெரிகிறதா?

வேலியோரம்

தெரியாவிட்டால் சுடக் கூடாது, அவ்வளவுதான். பிப்ரவரியில் கனோலா வயலுக்கு வாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள்.

மாடப்புறா

வருகிறேன், பைனாகுலரோடு. ஸ்டாக் டவ் ஒன்று விழுந்தாலும் போலீசுக்கு முதல் போன் என்னுடையதாகத்தான் இருக்கும், அண்ணா என்று பார்க்க மாட்டேன்.