ஐடிஓ படலம்: வளைத்ததும் மின்தடை எகிறுகிறது, அவசர உதவி தேவை

மதிவதனி: நாளை மறுநாள் செயல்விளக்கம். ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு, மின்சாரம் கடத்தும் ஒளிபுகு பூச்சு) பூசிய பிளாஸ்டிக் படலத்தை 200 முறை வளைத்தேன். 60 ஓம் இருந்த மின்தடை 900 ஆகிவிட்டது. வளைக்காமல் ஜன்னலோரம் வைத்த துண்டிலும் 85 காட்டுகிறது. என்ன செய்வது?

கடலோரத்தான்: எந்த ஆரத்தில் வளைத்தீர்கள்? தடிமன் எவ்வளவு? பூச்சு உட்பக்கமா, வெளிப்பக்கமா? எதைக் கொண்டு அளந்தீர்கள்?

செல்வி: ஜன்னலோரம் என்றால் ஈரப்பதம்தான், சந்தேகமே இல்லை. மேலே பெடாட் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) பூசியிருக்கிறீர்களா? அது ஈரத்தை உறிஞ்சும். அதன் அமிலம் ஐடிஓவையே அரித்துவிடும்.

மதிவதனி: பெடாட் இல்லை. படலம் 125 மைக்ரான் பெட் (PET) பிளாஸ்டிக். பென்சிலில் சுற்றினேன், பூச்சு வெளிப்பக்கம். மல்டிமீட்டர், முதலைக் கவ்வி.

மூத்த பொறியாளர்: கேட்பதற்கு முன் கணக்குப் போடப் பழகுங்கள். தடிமனை வளைவின் விட்டத்தால் வகுத்தால் திரிபு, அதாவது பூச்சு எவ்வளவு இழுபடுகிறது என்பது, வந்துவிடும். பென்சில் 7 மி.மீ. என்றால் சுமார் 1.8 சதவீதம். ஐடிஓ பீங்கான் போல நொறுங்கும் பொருள், அதற்குள்ளேயே விரிசல் விட்டுவிடும். இது அரிச்சுவடி.

கடலோரத்தான்: ஐயா, தெரியாததால்தானே கேட்கிறார். மதிவதனி, நுண்ணோக்கியில் பாருங்கள். சுற்றிய பென்சிலின் நீளவாக்கிலேயே மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடினால் இழுவிசை விரிசல். நிமிர்த்தியதும் விளிம்புகள் ஒட்டிக்கொள்ளும், மின்தடை குறைவாகக் காட்டி ஏமாற்றும். வளைந்த நிலையிலும் அளந்து பாருங்கள்.

தமிழ்வாணன்: ஐடிஓவை விடுங்கள், வெள்ளி நுண்கம்பிக்கு மாறுங்கள். வளைவதில் அதற்கு இணை இல்லை.

செல்வி: கொலுசு கறுப்பதைப் பார்த்ததில்லையா? காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியை விடாது. அத்தனை மெல்லிய கம்பியில் அந்தக் கறுப்பு ஏறினால் கம்பி எங்கே மிஞ்சும்?

தமிழ்வாணன்: மேலே காப்புப் பூச்சு கொடுத்தால் போயிற்று.

செல்வி: கொடுத்துவிட்டு மின்தொடர்பை எங்கிருந்து எடுப்பீர்கள்?

தமிழ்வாணன்: ஓரத்தைப் பூசாமல் விட வேண்டும்.

செல்வி: அந்த ஓரம் வழியாகத்தானே ஈரமும் நுழையும்!

கடலோரத்தான்: இந்தச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். மதிவதனி, ஜன்னல் துண்டில் எனக்குக் கவ்வி மேல்தான் சந்தேகம். அதன் பல் பதிந்த இடத்தில் பூச்சு உடைந்திருக்கும். இரு ஓரமும் சில்வர் பேஸ்ட் தடவி, காய்ந்தபின் அதன்மேல் அளந்து சொல்லுங்கள்.

மதிவதனி: கவ்விதான். பேஸ்ட் தடவியதும் ஜன்னல் துண்டு 61. வளைத்த துண்டில் நீங்கள் சொன்ன கோடுகள் அப்படியே இருக்கின்றன. புதுத் துண்டில் பூச்சை உட்பக்கம் வைத்து 20 மி.மீ. குழாயில் 200 முறை சுற்றினேன், 64. நன்றி, பெட்டி கட்ட வேண்டும்.

செல்வி: ஜன்னல் துண்டை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை அளந்து சொல்லுங்களேன்.