'சுவர்' என்ற சொல் அமெரிக்க அரசமைப்பில் எங்கே இருக்கிறது?

தராசுமுள்: மதத்தையும் அரசையும் பிரிக்கும் 'சுவர்' அமெரிக்க அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று நேற்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். 7 பிரிவுகளையும் 27 திருத்தங்களையும் சலித்தாலும் அந்தச் சொல் கிடைக்காது. அது, 1802 சனவரி 1 அன்று டான்பரி நகர பாப்டிஸ்ட் சபையாருக்கு அன்றைய அதிபர் ஜெஃபர்சன் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கடிதம் சட்டமாகாது.

வெண்கொக்கு: அந்த 'ஒருவர்' நான்தான், பெயர் சொல்லியே ஏசலாம். மதத்தை நிறுவும் சட்டம் எதையும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றக் கூடாது என்று 1791இல் ஏற்கப்பட்ட முதல் திருத்தம் சொல்கிறதே! 'இது சுவர்' என்று எழுதி வைத்தால்தான் முட்டும்போது உமக்கு வலிக்குமோ?

தராசுமுள்: சொல் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். இல்லை. கடிதம் எழுதிய இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அதே ஜெஃபர்சன் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக் கூடத்திலேயே நடந்த வழிபாட்டில் போய் அமர்ந்தார். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். உம்மிடம் சித்திரம் மட்டுமே இருக்கிறது.

பழஞ்சுவடி: டான்பரிக்காரர்கள் எதற்காக எழுதினார்கள் என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். டான்பரி இருக்கும் கனெக்டிகட் மாநிலத்தில் அப்போது காங்கிரிகேஷனல் என்ற கிறித்தவப் பிரிவின் சபைதான் அரசின் சபை. அதற்கான வரியிலிருந்து விலக, தாம் வேறு சபையார் என்று மற்றவர்கள் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. தமக்குக் கிடைப்பது உரிமையாக இல்லை, சலுகையாக இருக்கிறது என்பதே அவர்களின் குறை.

தராசுமுள்: நன்றி, என் வேலையைக் குறைத்தீர்கள். முதல் திருத்தம் காங்கிரஸை மட்டுமே கட்டுப்படுத்தியதால், அது வந்த பிறகும் கனெக்டிகட்டில் 1818 வரையிலும் மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் அரசுச் சபைகள் நீடித்தன. அங்கே எந்தச் சுவர் நின்றது?

வெண்கொக்கு: 1947இல் எவர்சன் வழக்கில் அந்தத் தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, ஜெஃபர்சனின் சுவரையே மேற்கோள் காட்டியது. நீதிபதிகளுக்குப் புரிந்தது உமக்குப் புரியவில்லை.

தராசுமுள்: அதே தீர்ப்பு, கத்தோலிக்கப் பள்ளிகளுக்குச் சென்ற பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தைப் பெற்றோருக்குப் பொதுப் பணத்திலிருந்து திருப்பித் தருவது செல்லும் என்று 5க்கு 4 என்ற கணக்கில் முடிந்ததை ஏன் விழுங்கினீர்கள்? சுவரைத் துளைத்துக்கொண்டு பேருந்தே போகிறது.

வெண்கொக்கு: விழுங்குவதைப் பற்றி நீர் பேசலாமா? சென்ற மாதம் 1791ஐ 1787 என்று எழுதி, நான் திருத்தியதும் பதிவையே அழித்தவர் அல்லவா நீர்?

தராசுமுள்: அது தட்டச்சுப் பிழை, அழித்தது என் உரிமை, உமது சலுகை அன்று. 'சுவர்' எத்தனையாவது திருத்தத்தில் இருக்கிறது? எண் இன்னும் வரவில்லை.